ஒரு வயதுக்குப் பிறகு டின் பால் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் பத்து மாதக் குழந்தையின் தாய் ஒருவர், டின்னில் வரும் பவுடர் பாலை நிறுத்திவிட்டுப் பசும்பாலுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தார். ஒரு வயது முடியட்டும், அப்புறம் மாற்றலாம் என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரியானதுதான். ஆனால் ஒரு வயது முடிந்த பிறகு எந்தப் பால், எவ்வளவு, எதில் ஊற்றிக் கொடுப்பது, டின்னை ஒரேயடியாக நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதெல்லாம் இரண்டு வரிக்குள் அடங்குகிற விஷயம் இல்லை. நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் கறவை மாடும் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் எங்கள் ஊரில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. மாநிலம் கேரளம் என்றாலும் எங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு தமிழ்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கமும் அப்படியே. கிழக்கே எல்லை தாண்டினால் கோவை மாவட்டம். கேரளத்தின் மற்ற இடங்களைப் போல இங்கே மழை கொட்டாது. தென்னை, கடலை, அப்புறம் மாடு. பல வீடுகளில் வாரச் செலவே மாட்டை நம்பித்தான் ஓடுகிறது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போகும். பால் உற்பத்தியில் கேரளத்திலேயே பேர் எடுத்த வட்டாரம் இது.

இப்படிப்பட்ட ஊரில், "கறக்கிற மாடு கட்டுத்தரையில நிக்குது, டின்னுக்கு எதுக்குங்க காசு?" என்று ஒரு பாட்டி கேட்டால் அது நியாயமான கேள்வி. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை அதற்கு ஒரு பதில், ஆன பிறகு வேறு பதில். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள். ஒரு வீட்டில் ஐந்தாம் மாதத்திலேயே பசும்பால் ஆரம்பமாகிறது. அடுத்த வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இன்னும் டின் வாங்கக் கடன் வாங்குகிறார்கள்.

தாய்ப்பால் கிடைக்கிற குழந்தைக்கு இந்தக் கடிதம் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு வீட்டுச் சாப்பாட்டோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. நான் சொல்வது டின்னுக்குப் போக நேர்ந்த குழந்தைகளைப் பற்றி. இரட்டைப் பிள்ளை பெற்றவள், பிரசவத்துக்குப் பிறகு நோயில் படுத்தவள், மூன்றாம் மாதமே மில் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தவள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு வயதுக்குள் பசும்பாலை ஏன் முக்கியப் பாலாகக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிமார்கள் கேட்டால் நான் சொல்வது இது. பசும்பால் கன்றுக்காகச் சுரக்கிறது. பிறந்த அன்றே எழுந்து நிற்கிற உயிருக்கு வேண்டிய புரதமும் உப்புகளும் அதில் இருக்கின்றன. புரதம் மட்டும் தாய்ப்பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அந்தச் சுமையைப் பிஞ்சுச் சிறுநீரகம் வடிகட்டித் தள்ள வேண்டும். இரும்புச்சத்தோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சாப்பாட்டில் இருந்து கிடைக்கிற இரும்பையும் பாலில் உள்ள கால்சியமும் புரதமும் உடம்பில் சேரவிடாமல் குறைத்துவிடும். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் செய்யும்.

பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு வழக்கம் எங்கள் பக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் புரதம் குறையும், உண்மைதான். கூடவே குழந்தை வளர வேண்டிய கொழுப்பும் சக்தியும் குறைந்துபோகும். அதை ஈடுகட்டச் சர்க்கரை போடுவார்கள். வயிறு நிறைந்துவிடும், எடை ஏறாது. இதே கதை டின் பாலிலும் நடக்கிறது. சனிக்கிழமை கூலி வரும்வரை டின் வர வேண்டுமே என்று, ஒரு கரண்டி பவுடர் போட வேண்டிய தண்ணீருக்கு அரைக் கரண்டி போடுகிறார்கள். அந்தச் சின்னக் கரண்டியைத் தலை தட்டி, டின்னில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

டின் வாங்கவே வழியில்லாத வீடும் இருக்கிறது. அவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 6 முதல் 11 மாதம் வரை தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குப் பவுடர் பாலும் கொடுக்கலாம், மாட்டுப்பால் போன்ற பாலும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. குழந்தை மருத்துவர்கள் பலர் ஒரு வயதுவரை பொறுக்கச் சொல்வது ரத்தசோகையை நினைத்துத்தான். ஆகவே டின் வாங்க முடியாதவர்கள் பவுடரை நீர்க்கக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதை விட்டு, ஆறு மாதம் கடந்த குழந்தையாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, இரும்புச்சத்து சிரப்பையும் உறுதி செய்துகொண்டு, பிறகு முடிவு செய்யலாம். ஆறு மாதத்துக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டுப்பால் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் கூழில் கொஞ்சம் பால் விட்டுக் கிண்டுவது, ஒரு கரண்டி தயிர் சோற்றில் பிசைந்து ஊட்டுவது இவையெல்லாம் தாராளமாகச் செய்யலாம். டம்ளர் டம்ளராக அதையே குடிக்கக் கொடுப்பதுதான் பிரச்சினை.

இனி ஒரு வயது முடிந்த குழந்தை. இங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

மூன்றாம் நம்பர் டின், நாலாம் நம்பர் டின் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வயதுக்கு மேல் மூன்றாம் நம்பர், ஒன்றரைக்கு மேல் நாலாம் நம்பர். குழந்தைக்கு ஒரு வயது ஆகிவிட்டது என்று தாய் சொன்னதும் கடைக்காரர் நம்பரை மாற்றி எடுத்துக் கொடுக்கிறார். அவளும் டாக்டர் சொன்ன மாதிரி நினைத்துக்கொண்டு வாங்கி வருகிறாள். நன்றாகச் சாப்பிடுகிற, நோய்நொடி இல்லாத ஒரு வயதுக் குழந்தைக்கு இந்த டின் தேவையே இல்லை. மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், 12 முதல் 23 மாதம் வரை தாய்ப்பால் அல்லாத பால் கொடுப்பதாக இருந்தால் விலங்குப் பாலே கொடுக்க வேண்டும், இப்படி அடுத்த கட்டம் என்று விற்கும் பவுடர்களைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 400 கிராம் டின் ஒன்று, நாளுக்கு அரை லிட்டர் கரைத்தால் ஐந்தாறு நாளில் காலி. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பணம் முட்டையாகவும் பருப்பாகவும் பழமாகவும் அந்தக் குழந்தையின் தட்டுக்கே வரலாம். இதை நினைக்கும்போது எனக்கு மனசு கொதிக்கிறது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட குழந்தைப் பால் பொருள்கள் சட்டப்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, டின்மேல் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மூன்றாம், நாலாம் நம்பர் டின்னும் இந்த வயது வரம்புக்குள் வருகிறவைதான். இதைத் தாய்மார்கள் தெரிந்து வைத்திருந்தால் கடையில் "வேண்டாம்" என்று சொல்லத் தைரியம் வரும்.

சரி, எப்படி மாற்றுவது? நல்ல பசியோடு சாப்பிடுகிற குழந்தைக்கு நேரடியாகவே மாற்றிவிடலாம், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் பல குழந்தைகள் முதல் மடக்கிலேயே துப்பும். பவுடர் பாலின் இனிப்பு பசும்பாலில் இருக்காது. அதற்காகச் சர்க்கரையோ பனங்கற்கண்டோ போட ஆரம்பித்தால் பிறகு அது இல்லாமல் குடிக்காது. பகலில் ஒரு வேளையை மட்டும் முதலில் மாற்றுங்கள். மூன்று நான்கு நாள் போனபின் அடுத்த வேளை. ராத்திரிப் பாலைக் கடைசியில் மாற்றுவது நல்லது, இல்லாவிட்டால் வீடே தூங்காது. அப்படியும் ஏற்காத குழந்தைக்கு, கலந்த பவுடர் பாலில் கால் பங்கு காய்ச்சி ஆறிய பசும்பால், பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாளில் கொண்டுவந்துவிடலாம்.

இதில் ஒரு இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். கலப்பது என்றதும் சிலர் தண்ணீருக்குப் பதிலாகப் பசும்பாலை எடுத்து அதில் பவுடரைக் கரைக்கிறார்கள். சத்துக்கு மேல் சத்து என்று நினைப்பு. கூடவே கூடாது. புரதமும் உப்பும் தாங்க முடியாத அளவுக்குக் கெட்டியாகிவிடும். பவுடரைத் தனியாக, அதற்குரிய தண்ணீரில், அதற்குரிய அளவில் கரைத்துக்கொள்ள வேண்டும். பசும்பாலைத் தனியாகக் காய்ச்சி ஆற வைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் இரண்டையும் ஒன்றாக ஊற்ற வேண்டும்.

பாட்டிலை விடவும் இதுவே நேரம். ஒரு வயதுக் குழந்தை சின்ன எவர்சில்வர் டம்ளரில் குடிக்கக் கற்றுக்கொள்ளும். இரண்டு நாள் சட்டை நனையும், அவ்வளவுதான். ரப்பரை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிற பிள்ளைக்கு முன்பல் கறுத்து அரித்துப்போவதை அங்கன்வாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அளவு. நாளுக்கு அரை லிட்டர் போதும். அதற்கு மேல் வேண்டாம். வீட்டுப் பால் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்கிற நினைப்பு எங்கள் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஒரு வீட்டுக் குழந்தையைச் சொல்கிறேன். ஒன்றரை வயதுக்குச் சற்றுக் குறைவு. பார்க்கக் கொழுகொழுவென்று இருப்பான். நாள் முழுக்க பாட்டிலில் பால், சோறு என்றால் தலையைத் திருப்பிக்கொள்வான். அவன் அப்பத்தாவுக்கு அதில் பெருமை. எடை பார்க்கக் கொண்டுவந்தபோது கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. உள்ளங்கை வெளுத்திருந்தது. "சுவத்துச் சுண்ணாம்பை நக்குறானுங்க டீச்சர், எத்தனை அடிச்சாலும் விடமாட்டீங்கறான்" என்றார் அந்த அப்பத்தா. மண்ணும் சுண்ணாம்பும் தின்பது ரத்தக் குறைவின் அடையாளம், அடிக்காதீங்க என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் எட்டைக்கூடத் தொடவில்லை. "குடிச்சது நம்ம வூட்டுப் பாலுங்களே, அதுலயுமா தப்பு?" என்று அந்த அப்பத்தா கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாலுல ஒண்ணும் தப்பில்லீங்க ஆத்தா, அது சோத்தோட எடத்தைப் புடிச்சிருச்சு" என்றேன். மருத்துவர் இரும்புச்சத்து மருந்து கொடுத்தார். பால் இரண்டு டம்ளராகக் குறைந்தது. பசி எடுத்ததும் அவனாகவே தட்டுக்கு வந்துவிட்டான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நாட்டளவில் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4, கேரளத்தில் 39.4. காரணம் பால் மட்டும் இல்லைதான். ஆனாலும் ராகி, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, மீன், ஈரல் இவற்றை முதலில் ஊட்டிவிட்டு, பாலைச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ இரண்டு சொட்டு எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் பிடிக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்தில் இரண்டு நாள் 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பகுதியில் ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மருந்தால் வருவது.

டீ கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வயதுப் பிள்ளைக்கு டீயில் வர்க்கி நனைத்துக் கொடுப்பது சர்வ சாதாரணம். டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது.

எந்தப் பால் என்பதற்கும் வருகிறேன். இரண்டு வயது வரை கொழுப்பு எடுக்காத பால்தான் வேண்டும். மூளை வளர்கிற வயது. ஆடையை வழித்து நெய்க்கு எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழந்தைக்கு ஊற்றாதீர்கள். பாக்கெட் பால் வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் நிறத்தைப் பார்ப்பதைவிட அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது நல்லது, நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டபுள் டோன்டு என்றால் கொழுப்பு 1.5 சதவீதம்தான், அது குழந்தைக்கு ஆகாது. டோன்டு 3, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, முழுக் கொழுப்புப் பால் 6. வீட்டில் கறக்கிற கலப்பினப் பசுவின் பால் பெரும்பாலும் மூன்றரை, நாலு இருக்கும். அதை அப்படியே, தண்ணீர் சேர்க்காமல் கொடுக்கலாம்.

அப்படியே என்றால் காய்ச்சாமல் என்று அர்த்தம் இல்லை. கறந்த சூட்டோடு நுரை அடங்கும் முன் ஒரு மடக்கு குடித்தால் பிள்ளை பலமாக வரும் என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். மாட்டின் காசநோயும் புருசெல்லா கிருமியும் பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரும். மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், கன்று வீசிய, அதாவது சினை கலைந்த மாட்டைப் பார்த்து எப்படிக் கலங்குவோம் என்று. அதற்குப் பின்னால் இருப்பது பல நேரம் இந்தப் புருசெல்லாதான். பொங்கி வந்த பிறகும் அடுப்பைத் தணித்துக் கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை குழந்தைக்கு மட்டும் இல்லை, யாருக்கும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் இருந்து வருகிற டேங்கர் பாலை மீனாட்சிபுரம் சாவடியில் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நம் கட்டுத்தரைப் பாலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாறிய முதல் வாரத்தில் மலம் கொஞ்சம் இறுகலாம். பாலைக் குறைத்து, தண்ணீரும் பழமும் கூட்டினால் சரியாகிவிடும். உடம்பில் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் எல்லையோரத்தில் பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் அதிகம். பிறந்த வீட்டுப் பக்கம் அங்கன்வாடியில் சத்துமாவு என்று பார்த்தவர்களுக்கு, இங்கே குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கிற அமிர்தம் பொடி கிடைக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது அது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை எல்லாம் சேர்ந்த நல்ல மாவு. மலையாளத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாததால் என்ன செய்வதென்று புரியாமல் மாட்டுத் தண்ணீரில் கலந்துவிட்ட வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு வயதுக் குழந்தைக்கு அதைப் பாலில் கூழாகக் கிண்டிக் கொடுத்தால் பசும்பாலின் ருசியும் பழகிவிடும். குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கையில் கிடைக்கிற தாள்களும் பெரும்பாலும் மலையாளத்திலேயே இருக்கின்றன. தடுப்பூசிக்கு வந்த மருமகள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் சொல்வதையோ மாமியார் சொல்வதையோ கேட்டுக்கொண்டு போகிறாள்.

எங்கள் ஊருக்கு உங்கள் கோவைப் பதிப்பு காலையிலேயே வந்துவிடுகிறது. டீக்கடையில் இருந்து சொசைட்டி வரை கை மாறிக்கொண்டிருக்கும். மகளிர் பக்கத்தில் இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, ஒரு குழந்தை மருத்துவரைக் கொண்டே விரிவாக எழுதச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் பாட்டிமார்கள் படிக்கிற அளவில் எழுத்து இருக்கட்டும். வெட்டி எடுத்து அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுகிற வேலையை இங்கே இருக்கிற டீச்சர்களும் நானும் பார்த்துக்கொள்கிறோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், பால் ஒவ்வாமையால் தனி வகை டின் குடிக்கிற குழந்தைகள் எப்போது, எப்படி மாற வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள்தான் ஒருவர் பேச்சும் நம்பாமல் அதிகம் அலைகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஆசிரியை,
வடகரப்பதி, பாலக்காடு மாவட்டம்.